எல்லா மாணவருக்கும் இடமுள்ள வாத்திய வகுப்பு: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வாத்தியம் கற்க ஆசையோடு வந்து, சில மாதங்களில் நின்றுவிடும் மாணவர்களைப் பற்றி ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: கை வரவில்லை, தாளம் நிற்கவில்லை, ஆர்வம் போதவில்லை. சற்று நெருங்கிப் பார்த்தால் பெரும்பாலும் வேறொன்று தெரியவரும். வாத்தியத்தின் அளவு அந்தக் கைக்குப் பொருந்தியிருக்காது. சுரக்குறிப்பு அந்தக் கண்ணுக்கு ஏற்றதாக இருந்திருக்காது. குழுவில் தரப்பட்ட பகுதி எட்டாத உயரத்திலோ சலிப்பூட்டும் அளவுக்கு எளிதாகவோ இருந்திருக்கும். இவை மூன்றையும் ஆசிரியரால் மாற்ற முடியும்.

முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, இடக்கை மட்டுமே வாசிக்கும் கான்செர்டோ (தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஒன்றைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் ராவெல் எழுதினார். 1932-இல் வியன்னாவில் அரங்கேறிய அந்தப் படைப்பை இரு கையும் உள்ள கலைஞர்களும் இன்று விரும்பி வாசிக்கிறார்கள். ஒருவருடைய உடலுக்கு ஏற்ப எழுதப்பட்ட பகுதி முழுமையான இசையாகவே இருக்க முடியும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. மாணவரைப் பகுதிக்கு ஏற்ப வளைப்பதற்கு முன், பகுதியை மாணவருக்கு ஏற்ப எழுதிப் பார்க்க வேண்டும்.

படி 1: கற்பிக்கும் முன் கேட்டறிதல்

முதல் வகுப்புக்கு முன்பே மாணவரிடமும் பெற்றோரிடமும் பேசுங்கள். மருத்துவச் சான்றிதழில் உள்ள பெயர் உங்களுக்கு அதிகம் உதவாது, ஏனெனில் ஒரே பெயருடைய குறைபாடு இரண்டு பேரிடம் முற்றிலும் வேறுவிதமாக வெளிப்படக்கூடும். எவ்வளவு நேரம் களைப்பின்றி உட்கார முடிகிறது, எந்தக் கையும் எந்த விரல்களும் எளிதாக அசைகின்றன, எந்த ஒலிகள் தொல்லை தருகின்றன, எந்த அளவு எழுத்தை எவ்வளவு தொலைவிலிருந்து படிக்க முடிகிறது, பேச்சு, படம், செய்துகாட்டல் ஆகியவற்றில் எதன் வழியாக விரைவில் புரிகிறது என்று கேளுங்கள். பெற்றோர் சொன்னதை மாணவரிடமும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்வது அவசியம். தனக்கு எது முடியும் என்பது குறித்து மாணவர் சொல்லும் விடை வேறாக இருப்பது அரிதல்ல.

இதே கேள்விகளை வகுப்பில் உள்ள எல்லோரிடமும் கேளுங்கள். ஒருவரை மட்டும் தனியாக அழைத்துக் கேட்டால், அவர் வகுப்புக்குள் நுழையும் முன்பே பிரிக்கப்பட்டுவிடுவார். மேலும், தடைகள் உடலைச் சார்ந்தவை மட்டுமே என்று கொள்ள முடியாது. வீட்டில் வாத்தியம் உண்டா, ஓசை எழுப்ப அனுமதி உண்டா, பள்ளி முடிந்தபின் வேறு பொறுப்புகள் உண்டா, வீட்டில் எந்த மாதிரியான இசை ஒலிக்கிறது என்பவையும் பயிற்சியின் போக்கைத் தீர்மானிக்கும்.

படி 2: அறையை ஒழுங்குபடுத்துதல்

அறையில் முதலில் கவனிக்க வேண்டியது ஒலியின் அளவு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்பு அளவுகோல். அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரமே மிஞ்சும். டிரம்ஸும் ட்ரம்பெட்டும் சேர்ந்து ஒலிக்கும் சிறிய அறையில் இந்த அளவை எட்டுவது எளிது. கைப்பேசிச் செயலியால் தோராயமாக அளந்துபார்த்து, தரைவிரிப்பு, தடித்த திரை ஆகியவற்றால் எதிரொலியைக் குறையுங்கள். ஒலியால் எளிதில் கலங்கும் மாணவருக்குக் காதுக் காப்பும், அனுமதி கேட்காமலே சென்று சிறிது நேரம் அமர்ந்து திரும்பக்கூடிய அமைதியான மூலையும் வேண்டும். எப்போது உரத்த ஒலி எழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டாலே பாதித் தொல்லை குறையும்.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவர் இருந்தால், சன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள். உங்கள் முகம் நிழலில் மறைந்துவிடும். எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போது பேசுவதையும் தவிர்க்க வேண்டும். நிறுத்துவதற்கும் தொடங்குவதற்கும் உயர்த்திய கை போன்ற, கண்ணால் காணக்கூடிய ஒரே சைகையை ஆண்டு முழுவதும் பயன்படுத்துங்கள். அன்றைய வகுப்பின் வரிசையைப் பலகையில் எழுதி, முடிந்ததை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போவது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் பதற்றமடையும் மாணவர்களுக்குப் பெரும் துணை.

படி 3: வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துதல்

தேர்வுக்கு முன் எல்லா வாத்தியங்களையும் எல்லோரும் தொட்டு, ஒலி எழுப்பிப் பார்க்க வேண்டும். 1978-இல் ஹெரால்டு ஏபிள்ஸும் சூசன் போர்ட்டரும் வெளியிட்ட ஆய்வு, புல்லாங்குழலும் வயலினும் பெண்களுக்குரியவை, டிரம்ஸும் ட்ரம்போனும் ஆண்களுக்குரியவை என்ற எண்ணம் பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் பதிந்திருப்பதைக் காட்டியது. அந்த எண்ணத்தை ஆசிரியர் வாயால் மறுத்தால் போதாது. பெண் ஒருவர் டிரம்ஸ் வாசிப்பதையும் ஆண் ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பதையும் மாணவர் நேரிலோ காணொளியிலோ பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கட்டும்.

அடுத்தது அளவு. வயலின் முழு அளவு தொடங்கி முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி எனச் சிறிய அளவுகளிலும் கிடைக்கிறது. கையை நீட்டிப் பிடிக்கும்போது வயலினின் சுருள் முனை உள்ளங்கையில் இதமாக அமர வேண்டும்; விரல்கள் எட்டிப் பிடித்துத் தவிக்கக் கூடாது. பியானோவின் வழக்கமான எண்சுர அகலம், அதாவது ஒரு ஸ்தாயியின் கட்டைகள் பிடிக்கும் இடம், சுமார் 165 மில்லிமீட்டர். 152, 140 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டைப்பலகைகளும் தயாரிக்கப்படுகின்றன என்பது, சிறிய கையுடைய மாணவர் படும் சிரமத்தை அவருடைய திறமைக் குறைவாகக் கருதக் கூடாது என்பதற்குப் போதுமான சான்று. அப்படிப்பட்ட பியானோ கிடைக்காவிட்டால், எண்சுர இடைவெளியில் உள்ள இரண்டு சுரங்களை ஒரே கையால் சேர்த்து அடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றை விட்டுவிட்டு வாசிக்க அனுமதியுங்கள்.

பொருத்துதலில் சிறிய மாற்றங்கள் பெரிய பலன் தரும். எஃகுத் தந்தியை நைலான் தந்தியாக மாற்றலாம். கிட்டாரின் ஆறு தந்திகளையும் மேற்கத்தியச் சுரப் பெயர்களில் டி, ஜி, டி, ஜி, பி, டி எனச் சுருதி கூட்டினால், எந்தக் கட்டத்திலும் ஒரே விரலைக் குறுக்கே வைத்து முழுமையான கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை) ஒலிக்கச் செய்யலாம். கிளாரினெட்டின் எடையைக் கழுத்துப் பட்டை தாங்கும். டிரம் குச்சியின் பிடியில் நுரைக் குழாய் சுற்றினால் பலவீனமான பிடியும் நிலைக்கும். ஒரு கையால் வாசிக்கக்கூடிய ரெக்கார்டர்களும் உண்டு. பிறவியிலேயே கைகள் இல்லாத ஜெர்மானியக் கலைஞர் ஃபெலிக்ஸ் கிளீசர், ஹார்ன் வாத்தியத்தைத் தாங்கியில் நிறுத்தி, இடக்கால் விரல்களால் அதன் வால்வுகளை இயக்கி, உலக அரங்குகளில் வாசித்துவருகிறார். "இந்த வாத்தியம் உனக்கு ஒத்துவராது" என்ற முடிவை எடுப்பதற்கு முன் பிடிக்கும் முறை, தாங்கும் முறை, சுருதி ஆகிய மூன்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடலசைவு மிகக் குறைந்த மாணவருக்கு, கையோ தலையோ அசைவதை உணர்ந்து ஒலியாக மாற்றும் உணரிகளும், ஒற்றைப் பொத்தான்களும், தொடுதிரைச் செயலிகளும் இருக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பொத்தானை அழுத்தியதும் முழுப் பாட்டும் ஓடினால் மாணவர் வாசிக்கவில்லை. ஒலிப்பதிவைத் தொடங்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். எப்போது ஒலிக்க வேண்டும், எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்க என்பவற்றில் ஒன்றேனும் அவர் கையில் இருக்க வேண்டும்.

படி 4: குறிப்புக்கு முன் ஒலி

முதல் வகுப்பில் தாளையும் புத்தகத்தையும் வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும், பிறரோடு சேர்ந்து, இசை என்று சொல்லத்தக்க ஒன்றை வாசித்திருக்க வேண்டும்.

தாளத்தை வாயால் சொல்லித் தொடங்குங்கள். நான்குக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட, ஐந்துக்குத் தகதகிட என்று சொற்கட்டாகச் சொல்லி, கை தட்டி, பிறகு வாத்தியத்தில் ஒரே சுரத்தில் வாசிக்கச் செய்யுங்கள். நாக்கு சொல்லிப் பழகிய தாளத்தை விரல் எளிதில் பின்பற்றும் என்பதால், இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவரும் முதல் நாளிலேயே சிக்கலான நடைகளை வாசித்துவிடுவார். பேச்சு வராத மாணவர் அதே சொற்கட்டைத் தோளில் தட்டியோ, மேளத்தின் தோல் மீது கை வைத்து அதிர்வாகவோ பெறலாம்.

அடுத்ததாக, ஆசிரியர் சிறு சொற்றொடர் வாசிக்க, மாணவர்கள் திருப்பி வாசிக்கட்டும். இரண்டு சுற்றுகள் கழித்து ஆசிரியரின் இடத்தை மாணவர் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். இங்கே ஐந்து சுரங்களுக்குள் நிற்பது பயன் தரும். ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் குழந்தைகளின் இசைக் கல்விக்காக வகுத்த முறையில் பயன்படும் சைலஃபோன்களின் கட்டைகளைக் கழற்ற முடியும். சி மேஜரில் (சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்ற ஏழு சுரங்களில்) எஃப், பி ஆகிய இரண்டையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது நாம் மோகனம் என்று அறிந்த ஐந்து சுரங்கள். அரைச்சுர இடைவெளிகள் இல்லாததால் யார் எதை எப்போது வாசித்தாலும் கடுமையான உரசல் எழாது. தவறாக வாசித்துவிடுவோமோ என்று அஞ்சிக் கையை மடியிலேயே வைத்திருக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

காது கேளாத மாணவரை இந்தப் படியில் விட்டுவிடும் பழக்கம் பலரிடம் உள்ளது. ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவிலின் கிளென்னி, 12 வயதளவில் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தவர். உடலால் அதிர்வை உணர்வதற்காக அவர் பெரும்பாலும் வெறுங்காலோடு வாசிக்கிறார். மரத்தரை, செலோவின் உடல், பெரிய மேளத்தின் சட்டம், கையில் பிடித்த பலூன் ஆகியவை தாழ்ந்த சுருதிகளை நன்றாகக் கடத்தும். செவித்துணைக் கருவிகள் பேச்சை முன்னிட்டு அமைக்கப்படுபவை என்பதால், இசைக்கெனத் தனி அமைப்பு வைக்க முடியுமா என்று செவித்திறன் வல்லுநரிடம் கேட்கும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

படி 5: குழுவுக்கான பகுதிகளை எழுதுதல்

இந்த வேலையின் மையம் இதுதான். ஆசிரியரின் தயாரிப்பு நேரத்தில் பெரும்பங்கு இதற்கே போக வேண்டும். அச்சில் கிடைக்கும் குழு இசைப் பகுதிகள் ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ள மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. உண்மையான வகுப்பில் முதல் மாதத்து மாணவரும் நான்காம் ஆண்டு மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பார்கள்.

முதலில் எல்லா வாத்தியங்களும் சிரமமின்றிச் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள். டி, எஃப், ஜி, ஏ, சி என்ற ஐந்து சுரங்களை எடுத்துக்கொள்வோம். டி-யை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் இது சுத்த தன்யாசி ராகம். வயலினின் திறந்த தந்திகளில் ஜி, டி, ஏ மூன்றும் இதற்குள் வருகின்றன. செலோவின் நான்கு தந்திகளும் வருகின்றன. கீபோர்டில் ஐந்தும் வெள்ளைக் கட்டைகள். பி ஃபிளாட் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் தாழ்ந்து ஒலிப்பதால், அவற்றுக்கு இவற்றை இ, ஜி, ஏ, பி, டி என்று எழுத வேண்டும். அங்கும் ஷார்ப்போ ஃபிளாட்டோ (சுரத்தை அரைச்சுரம் கூட்டும், குறைக்கும் குறிகள்) இல்லை.

இனி நான்கு அடுக்குகளாக எழுதுங்கள். முதல் அடுக்கு ஆதாரம்: டி-யும் ஏ-யும் நீண்டு ஒலிப்பது. திறந்த தந்தி ஒன்று, கீபோர்டின் ஒரு கட்டை, ஒரு பொத்தான் போதும். இரண்டாவது, டி, சி, டி, எஃப் போன்ற மூன்று சுரங்களுக்குள் சுழன்று திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்றொடர். மூன்றாவது முதன்மை மெட்டு. நான்காவது, மெட்டுக்கு எதிராக ஓடும் வேகமான பகுதியோ, அதே ஐந்து சுரங்களில் கற்பனையாக வாசிக்கும் இடமோ. தாளவாத்தியங்களையும் இவ்வாறே பிரிக்கலாம்: சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) மட்டும் அடிப்பவர், நான்கு அட்சரங்களையும் (தாள எண்ணிக்கைகளையும்) அடிப்பவர், இடைநடைகளை நிரப்புபவர்.

அடுக்குகளை எழுதிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வோர் அடுக்கையும் ஒருமுறை நிறுத்திவிட்டு மற்றவற்றை மட்டும் வாசித்துப் பாருங்கள். நிறுத்தப்பட்ட அடுக்கின் குறையை யாரும் உணரவில்லையென்றால் அந்தப் பகுதி அலங்காரத்துக்காக வைக்கப்பட்டது. அதை வாசிக்கும் மாணவருக்கு அது நிச்சயம் தெரியும். ஆதார அடுக்குக்குத் தொடக்கத்தைக் கொடுங்கள்: அது தனியே நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஒலித்த பிறகே மற்றவர்கள் நுழையட்டும். நடுவில் எல்லோரும் நின்று, அது மட்டும் ஒலிக்கும் இடம் ஒன்றை வையுங்கள். அப்போது அந்த மாணவருக்காக மொத்தக் குழுவும் காத்திருக்கும்; அவர் வாசித்தால்தான் இசை நகரும்.

நினைத்த கணத்தில் கை அசையாத மாணவருக்குச் சரியான அட்சரத்தில் விழ வேண்டிய அடியைக் கொடுப்பது, தோல்வியை எழுதிக் கொடுப்பதற்குச் சமம். ஓர் ஆவர்த்தனத்துக்குள் எங்கே ஒலித்தாலும் அழகாக இருக்கும் மணிச்சரம், நீண்டு ஒலிக்கும் காங் போன்றவற்றை அவருக்கு எழுதுங்கள், அல்லது அவருடைய ஒலியே மற்றவர்களுக்கு நுழைவுச் சைகையாக அமையட்டும்.

அடுக்குகளுக்கு எளிது, கடினம் என்று பெயர் வைக்க வேண்டாம். ஆதாரம், சுழல், மெட்டு, ஓட்டம் என்று அவற்றின் பணியைக் கொண்டு அழைக்கலாம். ஒத்திகைக்கு ஒத்திகை மாணவர்கள் இடம் மாறட்டும். தேர்ந்த மாணவர் ஆதாரத்துக்கு வரும்போது, ஒரே சுரத்தைச் சுருதி பிசகாமல் நீட்டுவது எவ்வளவு கவனம் கேட்கும் வேலை என்பதை அவர் கற்றுக்கொள்வார்.

படி 6: குறியீட்டைப் பல வடிவங்களில் தருதல்

ஒரே பகுதியை ஐந்து கோட்டுக் குறியீடு, ச ரி க ம எழுத்துகள், வண்ணக் குறியீடு, ஒலிப்பதிவு என நான்கு வடிவங்களில் மேசையில் வைத்து, எடுப்பதை மாணவரிடம் விட்டுவிடுங்கள். பின்லாந்தில் 1996-இல் உருவான உருவக் குறியீட்டு முறையில் சுரத்தின் பெயரை வண்ணமும், அது எந்த ஸ்தாயியைச் சேர்ந்தது என்பதை வடிவமும் காட்டுகின்றன. வாத்தியத்தில் ஒட்டிய அதே வண்ணத்தைத் தேடி வாசித்தால் போதும். ஆனால் வண்ணத்தை மட்டுமே நம்புவது ஆபத்து, ஏனெனில் சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் ஆண்களில் கணிசமானோர். வண்ணத்தோடு எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுத்துகள் இடம் மாறித் தெரியும் மாணவர்களில் பலருக்கு வெளிர் மஞ்சள் தாளும், பக்கத்துக்குக் குறைவான வரிகளும் உதவுகின்றன. ஏ4 தாளை ஏ3-க்குப் பெரிதாக்கினால் அளவு 1.4 மடங்கே கூடும். பார்வைக் குறைபாடு மிகுந்தவருக்கு அது போதாது. அவருக்காகக் குறியீட்டு மென்பொருளில் வரிகளின் அளவைக் கூட்டி, புதிதாகப் பக்கம் பிரித்து அச்சிட வேண்டும்.

லூயி பிரெயில் தாமே ஆர்கன் வாசித்தவர்; 1829-இல் அவர் வெளியிட்ட புள்ளி எழுத்து முறை இசையையும் எழுதுவதற்கு வழி செய்தது. பிரெயில் இசையைப் படிக்கும் மாணவர் விரலால் படிப்பதால், பெரும்பாலான வாத்தியங்களில் படித்துக்கொண்டே வாசிக்க இயலாது; முழுவதையும் மனப்பாடம் செய்தே வாசிக்கிறார். ஆகவே அவருக்குப் பகுதியும் ஒலிப்பதிவும் மற்றவர்களைவிடச் சில வாரங்கள் முன்பே கிடைக்க வேண்டும். வகுப்பன்று கொடுத்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து வாசிக்கச் சொல்வது அநீதி.

படி 7: திருத்தும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். "கவனமாக வாசி" என்பதில் மாணவர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை; "மூன்றாவது அட்சரத்தில் வில்லை நிறுத்து" என்பதில் இருக்கிறது. கேள்வி கேட்டபின் விடைக்காக அமைதியாகக் காத்திருங்கள். கவனம் விரைவில் சிதறும் மாணவருக்குச் சில நிமிடங்களில் முடியும் வேலைகளைக் கொடுத்து, இடையில் எழுந்து நடக்கவோ தாளம் போடவோ விடுங்கள். விரலைச் சரிசெய்யத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு முறையும், எந்த வயது மாணவரிடமும், அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் கையில் செய்துகாட்டுங்கள்.

படி 8: தேர்வுரிமையைக் கையில் கொடுத்தல்

மாணவர் தாமே தேர்ந்த பாடலை ஒலிப்பதிவிலிருந்து காதால் பிடித்து, நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கும் முறையை இசைக் கல்வியாளர் லூசி கிரீன் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார். மாதத்தில் ஒரு வகுப்பையாவது இதற்கு ஒதுக்குங்கள். ஆசிரியர் கேட்கும்போது மட்டும் உதவட்டும். முதல் அரைமணி நேரம் குழப்பமாகத்தான் இருக்கும், அதில் தலையிடாமல் இருப்பதற்குப் பொறுமை வேண்டும். ஐந்தாம் படியின் ஐந்து சுரங்களைக் கொண்டு தாமே எட்டு ஆவர்த்தன மெட்டு அமைக்கச் சொல்வதும் நல்லது. வீட்டில் கேட்கும் இசை வகுப்பில் மதிப்புப் பெறுவதை ஒரு மாணவர் காணும்போது, அவருடைய வருகையில் தெரியும் மாற்றத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

படி 9: வீட்டுப் பயிற்சி

ஓசை எழுப்ப முடியாத வீட்டில் இருப்பவருக்கு ஒலியைக் குறைக்கும் அடக்கி பொருத்திய வயலின், ரப்பர் பயிற்சித் தட்டு, காதொலிப்பான் இணைத்த கீபோர்டு ஆகியவை வழி. வாத்தியமே இல்லாதவருக்கு இரவல் தருவதோடு, பள்ளியில் வாசிக்க நேரமும் ஒதுக்க வேண்டும். மேசையில் விரலசைவு, சொற்கட்டு சொல்வது, ஒலிப்பதிவைக் கேட்டுப் பாடிப் பார்ப்பது ஆகியவற்றையும் பயிற்சியாகவே கணக்கில் கொள்ளுங்கள். நேரக் கணக்கு கேட்பதைவிட, இந்த வாரம் எந்த இரண்டு வரி சரியாக வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவது பயன் தரும்.

படி 10: மேடையும் மதிப்பீடும்

மேடையேறுவது ஒன்றே வாசித்துக் காட்டும் வழி என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஒலிப்பதிவாகக் கேட்கச் செய்தல், சிறிய அறையில் நால்வர் முன் வாசித்தல், குழுவின் நடுவில் அமர்ந்து வாசித்தல் ஆகியவையும் நிகழ்ச்சிகளே. மேடைக்கு வருவோருக்குச் சாய்தளம், முன்கூட்டியே அரங்கைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு, திடீரென அணையாத விளக்குகள் ஆகியவற்றை உறுதிசெய்யுங்கள். கேட்போரும் எழுந்து நடக்கவும் ஒலி எழுப்பவும் அனுமதிக்கப்பட்டால், இசை நிகழ்ச்சிக்கே வரத் தயங்கும் குடும்பங்களும் வருவார்கள்.

மதிப்பீட்டுக்கு, பருவத் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக ஒரே பகுதியை ஒலிப்பதிவு செய்து, மாணவரோடு சேர்ந்து கேட்டு, எது மாறியிருக்கிறது என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பருவம் முடிந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்து, நின்றுவிட்டவர்கள் யார், எந்த வாரத்தில் நின்றார்கள், அந்த வாரம் வகுப்பில் எந்தப் பகுதி நடந்தது என்று பாருங்கள். அவர்களை அழைத்து, என்ன மாறினால் திரும்பி வருவீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும், தொடர்பவர்கள் ஒவ்வொருவருக்கும் பொருந்திய தாங்கி, சுருதி, குறியீட்டு வடிவம் ஆகியவற்றையும், அவரவர் ஒப்புதலோடு, ஒரு பக்கத்தில் எழுதி அடுத்த ஆண்டு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.